பம்ப் மாற்றாமல் பூஸ்ட் கிடையாது

வெள்ளைக் காரைப் பற்றி மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கேட்டவர்கள், நான் வேலை பார்த்த தேனாம்பேட்டைப் பட்டறையில் இப்போது ட்யூனிங் பார்க்கும் இரண்டு பேர். கார்ப் பிரியர்கள் சேர்ந்து ஆண்டு மலர் ஒன்று கொண்டுவருகிறார்களாம். "மேடம், இன்ஜின் கம்ப்யூட்டருக்கு எந்தப் பெட்டி வாங்கறது, பட்ஜெட் எப்படிப் போடறதுன்னு உங்க அனுபவத்துல எழுதிக் குடுங்க. அந்த வெள்ளை வண்டி விஷயம் மட்டும் வேணாம், பழசு, விட்டுடலாம்" என்றார் ஒருவர். பட்ஜெட்டைப் பற்றி நான் கற்றதில் பெரும்பகுதி அந்த வண்டியில்தான் இருக்கிறது. ஆகவே அதைத்தான் எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

என் பெயர் ஸ்டெல்லா. சாந்தோமில் பிறந்து அங்கேயே இருப்பவள். எங்கள் குடும்பத்தில் முக்கால்வாசிப் பேர் ஆசிரியர்கள். எனக்குச் சாக்பீஸ் பிடிக்கவில்லை, சால்டரிங் பிடித்தது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து டி.வி. சர்வீஸ் சென்டரில் பதினைந்து வருடம் போர்டு ரிப்பேர் பார்த்தேன். பழுதான டி.வி.யை எறிந்துவிட்டுப் புதிது வாங்கும் காலம் வந்தது, சென்டரை மூடினார்கள். முப்பத்தெட்டு வயதில் வேலை தேடினேன். கார் கம்ப்யூட்டர் போர்டுகளைப் பழுது பார்க்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு தேனாம்பேட்டைக்குப் போனேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"ஓட்டறதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்கா. போர்டைப் பாக்கத் தெரியுமோ?" என்றார் முதலாளி வரதன் சார். மயிலாப்பூர் மாட வீதிக்காரர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. இரண்டு வருடத்தில் போர்டிலிருந்து ட்யூனிங்குக்கு என்னை மாற்றினார். இன்ஜினுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று தீர்மானிப்பது அந்தக் கம்ப்யூட்டர். அதற்குள் இருக்கும் எண் அட்டவணைகளைத்தான் மேப் என்கிறோம். வண்டியில் ஏதாவது மாற்றினால் அந்த எண்களையும் மாற்ற வேண்டும். அதுதான் ட்யூனிங்.

புதிதாக வரும் வாடிக்கையாளரிடம் வரதன் சார் ஒரு கோடு போட்ட தாளை நீட்டுவார். மூன்று கேள்விகள். வண்டி எதற்கு? மொத்தம் எவ்வளவு செலவழிக்க முடியும்? கூட யார் உட்காருவார்கள்? மூன்றாவதைக் காலியாக விட்டுக் கொடுத்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "ஆத்துல கேட்டுண்டு வாங்கோ. நாளைக்கு வண்டியத் தொடறேன்" என்பார். சிலர் சிரிப்பார்கள். சிலர் கோபித்துக்கொண்டு வேறு இடம் போவார்கள். அவர்கள் விட்டுப்போன தாளை அவர் மடித்து மேஜைக்குள் வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்.

எழுதிய மொத்தத் தொகையை அவர் பிரிக்கிற விதம் எனக்கு ஆரம்பத்தில் விசித்திரமாகப் பட்டது. எல்லாரும் கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து ஆரம்பிப்பார்கள். எந்தக் கம்பெனி, என்ன மாடல், என்ன விலை என்று. அவர் பின்னாலிருந்து வருவார். முதலில் கொஞ்சத்தை எடுத்து ஒதுக்கிவிடுவார், ஏதாவது உடைந்தால் அதற்கு. பிறகு பிரேக், டயர். பிறகு இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப், அதைத் தெளிக்கும் இன்ஜெக்டர். பிறகு சென்சார், வயரிங். பிறகு டைனோவில் ஆகும் மணி நேரம். டைனோ என்பது கார் நின்ற இடத்தில் சக்கரம் சுழல, அதன் பலத்தை அளக்கும் உருளை. இதெல்லாம் போக மிச்சம் இருப்பதைக் கொண்டுதான் எந்தப் பெட்டி என்று பேசவே ஆரம்பிப்பார். மிச்சம் குறைவாக இருந்தால், "வண்டியோட வந்த கம்ப்யூட்டர்லயே எண்ணை மாத்தித் தரேன், போறும்" என்பார். சிலருக்கு, வண்டியின் கம்ப்யூட்டருக்கும் சென்சாருக்கும் நடுவே பொருத்தி அதை ஏமாற்றி வேலை வாங்கும் சின்னப் பெட்டி. பழைய கம்ப்யூட்டரைக் கழற்றி எறிந்துவிட்டுத் தனிப் பெட்டி போடுவது பத்தில் ஒருவருக்குத்தான். அந்த ஒருவரிடமும், "பெட்டி விலை எவ்வளவோ அவ்வளவு இன்னும் ஒரு தடவை செலவாகும், தெரியுமோ?" என்று கேட்டுவிடுவார்.

வேலை ஆரம்பித்தால் அவசரமே கிடையாது. நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் பார்க்க வேண்டும். குழாய்களில் புகை விட்டுக் கசிவு பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்க வேண்டும். பெட்ரோல் அழுத்தத்துக்கு மீட்டர் மாட்ட வேண்டும். அதன்பிறகுதான் டைனோ. நான் காதில் ஹெட்போன் மாட்டி, இன்ஜினில் பொருத்திய மைக்கைக் கேட்டுக்கொண்டே எண்களை மாற்றுவேன். உள்ளே பெட்ரோல் தவறான நேரத்தில் வெடித்தால் தகரத்தில் கூழாங்கல் விழுவது போல ஒரு சத்தம் வரும். அவர் எனக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கீபோர்டைத் தொட்டதே இல்லை. இன்னும் கூட்டினாலும் பலம் ஏறாது என்கிற இடம் வந்ததும், "போறும்" என்பார். அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு அந்த இடம் பிடிபட்டது.

ஒரு இன்ஜினை நான் கொன்றிருக்கிறேன். சிவப்பு நிறச் சின்னக் கார். பெட்ரோல் கூடவா குறைவா என்று புகையை வைத்துக் காட்டும் ஆக்சிஜன் சென்சாரை, செலவைக் குறைக்க வண்டிக்காரரே எங்கோ வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அது காட்டிய எண்ணை நான் நம்பினேன். அது பொய் சொல்லியிருந்தது. ஒரு மாதத்தில் வால்வு எரிந்து வண்டி கயிறு கட்டி வந்தது. வரதன் சார் என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே அவரிடம் சொன்னார்: "தப்பு எங்களோடது. இன்ஜின் எங்க செலவு." என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் என் மேஜையில் புது சென்சார் இருந்தது. "வரவா கொண்டு வரதையும் மாட்டு. பக்கத்துல நம்மளோடதையும் மாட்டு. ரெண்டும் ஒண்ணு சொன்னாத்தான் நம்பு" என்றார். அவ்வளவுதான்.

அதிலிருந்து எனக்கு வாய் நீண்டுவிட்டது. தெருவில் ஓடும் வண்டியில் புகை வடிகட்டியைக் கழற்றச் சொல்லிப் பெரிய மனிதர் ஒருவர் வந்தார். மாட்டேன் என்றேன். யாரிடம் பேசுகிறாய் தெரியுமா என்றார். "உங்க வண்டிப் புகையில பஸ் ஸ்டாப்ல நிக்கறவகிட்ட பேசறீங்க சார், அது நான்தான்" என்றேன். வரதன் சார் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வெளியே வரவில்லை.

அவருக்குக் கண் மங்க ஆரம்பித்ததும் பட்டறை அவர் மாப்பிள்ளை பாலாஜியின் கைக்கு வந்தது. பாலாஜி கெட்டவர் இல்லை. சம்பளம் ஒன்றாம் தேதி வந்துவிடும். ஆனால் அவர் கோடு போட்ட தாளை நிறுத்தினார். டைனோவில் வரும் உச்ச எண்ணைப் படம் பிடித்து இணையத்தில் போடுவதுதான் வியாபாரம் என்றார். பெரிய எண் வந்தால் பத்து வண்டி வரும். அது உண்மையும்கூட.

அப்போதுதான் செந்தில் வந்தார். தி. நகரில் அவர்கள் குடும்பத்துக்குப் பாத்திரக் கடை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். முப்பது வயதுக்காரர், மாதம் ஒரு ஞாயிறு ஊருக்கு வெளியே இருக்கும் ரேஸ் டிராக்கில் ஓட்டுவார். வெள்ளை செடான். ஏற்கெனவே டர்போ மாட்டி வைத்திருந்தார். டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி. எவ்வளவு அழுத்தித் திணிக்கிறது என்பதுதான் பூஸ்ட். டர்போவுக்கும், வீலுக்கும், சைலன்சருக்கும் கையில் இருந்ததில் பெரும்பங்கு போயிருந்தது. மிச்சம் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே.

பாலாஜி தாளை நிறுத்தியிருந்தாலும் நான் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு செந்திலோடு உட்கார்ந்தேன். வண்டியோடு வந்த கம்ப்யூட்டர் டர்போ காற்றை அளக்காது, அதனால் அவருக்குத் தனிப் பெட்டிதான் சரி. அவர் கேட்டது கலர் திரையோடு வரும் பெரிய பெட்டி. நான் சொன்னது அதே கம்பெனியின் சின்னப் பெட்டி, திரை கிடையாது. ஆபத்து வந்தால் தானே பெட்ரோலை நிறுத்தும் வசதி இரண்டிலும் ஒன்றுதான்.

"மிச்சத்துல பம்ப் மாத்துங்க, இன்ஜெக்டர் மாத்துங்க" என்றேன்.

"பம்ப் நல்லாத்தான மேடம் ஓடுது? அடுத்த தீபாவளிக்கு மாத்திக்கிடுதேன்."

"அப்ப பூஸ்ட்டும் அடுத்த தீபாவளிக்குத்தான்."

"என்ன மேடம் இப்டிச் சொல்லுதீங்க? டர்போவ மாட்டிட்டு ஊதாமலா ஓட்டுவாங்க?"

"காத்து நிறைய உள்ள போவுது, அதுக்கு ஏத்த பெட்ரோல அந்தப் பம்ப்பால தர முடியாது. பெட்ரோல் பத்தலன்னா சூடு ஏறும். பிஸ்டன் உருகும். பம்ப் மாத்தாம பூஸ்ட் கிடையாது."

கடைசியில் பெரிய பெட்டியே வாங்கினார். பம்ப் வாங்கவில்லை. ஆகவே பழைய பம்ப் தாங்கும் அளவுக்கு, பார் என்கிற அழுத்தக் கணக்கில் அரைக்கும் கீழே பூஸ்ட்டை நிறுத்தி மேப் எழுதினேன். பெட்ரோல் குறைந்தால் இன்ஜினை அடக்கும் காவலும் வைத்தேன். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினேன். பட்டறை வழக்கப்படி பாஸ்வேர்டை ஆபீஸ் நோட்டில் எழுதினேன். டைனோவில் வந்த எண் சுமாரானது. செந்தில் முகம் தொங்கிப்போனது.

மறுநாள் மத்தியானம் நான் போர்டு அறையில் இருந்தேன். பக்கத்தில் டைனோ ஓடுகிற சத்தம். அந்த வண்டிதான், சத்தத்திலேயே தெரிந்தது. நடுவில் இரண்டு முறை இன்ஜின் விக்கி அடங்கியது. நான் வைத்த காவல் வேலை செய்கிறது என்று புரிந்தது. மூன்றாம் முறை விக்கவில்லை. ஒரே ஓட்டமாக உச்சம் வரை போனது. காவலை எடுத்துவிட்டார்கள். நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

இதை நான் மறைக்கப்போவதில்லை. எனக்கு ஐம்பத்தெட்டரை வயது, ஓய்வுக்கு ஒன்றரை வருடம் பாக்கி. சாயங்காலம் சுவரில் புது டைனோ தாள் ஒட்டியிருந்தது. பட்டறை கண்டதிலேயே பெரிய எண். பாலாஜி என் கணினியில் என் பெயரிலேயே மேப்பைத் திறந்திருந்தார், அதனால் தாளின் கீழே ட்யூன் செய்தவர் ஸ்டெல்லா என்று அச்சாகியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். செந்திலின் நம்பர் என் போனில் இருந்தது. மூன்று வாரம் நான் அவருக்குப் போன் செய்யவில்லை.

நான்காவது திங்கட்கிழமை வண்டி லாரியில் வந்தது. டிராக்கில் எட்டாவது சுற்றில் வெள்ளைப் புகை விட்டு நின்றுவிட்டதாம். நல்லவேளை, பின்னால் வந்தவர் ஒதுங்கிவிட்டார். செந்தில் முற்றத்தில் நின்று சத்தம் போட்டார். சுவரில் என் பெயரைக் காட்டி, "டி.வி. ரிப்பேர் பாத்தவங்க கையில வண்டியக் குடுத்தா இப்டித்தான் ஆகும்!" என்றார்.

பாலாஜி என்னை உள்ளே கூப்பிட்டார். மேஜையில் ஒரு கடிதம் தயாராக இருந்தது. பெட்ரோலில் கலப்படம் இருந்ததால் இன்ஜின் பழுதானது, பட்டறை பொறுப்பல்ல என்று.

"தாள்ல உங்க பேர்தான் மேடம் இருக்கு. நீங்க கையெழுத்து போட்டா முடிஞ்சுது. உங்களுக்கும் நல்லது."

"பெட்ரோல டெஸ்ட் பண்ணீங்களா?"

"அதெல்லாம் யாரு மேடம் கேக்கப் போறா?"

"நான் கேக்கறேன்" என்றேன். கடிதத்தை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். மெக்கானிக் முனுசாமியிடம் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைத் திறக்கச் சொன்னேன், இப்போதே, வண்டிக்காரர் எதிரிலேயே. முனுசாமி ஊரூர் குப்பத்துக்காரர். என்னோடு இருபது வருடம் வேலை பார்த்தவர். முதலாளி அறையை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், ஸ்பேனரை எடுத்தார்.

ஹெட்டைத் திறக்க மதியம் ஆனது. செந்தில் ஒரு டயர்மேல் உட்கார்ந்து காத்திருந்தார். மூன்றாவது பிஸ்டனில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை.

"இன்னா மேடம் இது, மெழுகு மாரி உருகிக்கீது" என்றார் முனுசாமி.

நான் லேப்டாப்பை வண்டியின் பெட்டியில் சொருகினேன். அந்தப் பெட்டி ஓடுகிறபோதே எல்லாவற்றையும் பதிந்து வைக்கும். செந்திலைப் பக்கத்தில் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். பூஸ்ட் நான் வைத்ததைப் போல இரண்டு மடங்கு. வேகம் ஏற ஏறப் பெட்ரோல் அழுத்தம் சரிந்துகொண்டே வருகிறது. பம்ப்பால் முடியவில்லை. கடைசியில் காவல் என்ற இடத்தில் 'நிறுத்தப்பட்டது' என்று இருந்தது.

"மேடம், உள்ள வாங்க, பேசிக்கலாம்" என்றார் பாலாஜி வாசலிலிருந்து.

"இங்கயே பேசலாம் சார்" என்றேன். செந்தில் பக்கம் திரும்பினேன். "பெட்ரோல் மேல தப்பு இல்ல. உங்க மேலயும் இல்ல. நான் பூட்டி வெச்சத இங்க திறந்துட்டாங்க. திறந்தது அன்னிக்கே எனக்குத் தெரியும். பக்கத்து ரூம்ல உக்காந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

"தெரியுமா? அப்ப ஏன் மேடம் சொல்லல?"

"வேலை போயிடும்னு பயந்தேன்."

"இப்ப மட்டும்?"

"இப்பவும் போகும்."

போயிற்று. புதன்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார் பாலாஜி. பதிவுகளை ஏற்கெனவே செந்திலின் பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தேன். அவர் அதை வைத்துக்கொண்டு விடாமல் நின்றதால் பட்டறை தன் செலவில் இன்ஜினைக் கட்டிக்கொடுத்தது. எனக்கு விடைகொடுக்கும் விழா கிடையாது, சால்வை கிடையாது. ஹெட்போனையும் மைக்கையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். முனுசாமி பஸ் ஸ்டாப் வரை கூட வந்தார்.

அடுத்த வாரம் வரதன் சார் வரச்சொன்னார். மாட வீதி வீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை என்ன சொல்லியிருப்பாரோ என்று எனக்குத் தெரியாது. சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"பிஸ்டனை உன் கண்ணால பாத்தியோ?"

"பார்த்தேன் சார்."

"லெட்டர்ல கையெழுத்து போடலியே?"

"போடல சார்."

"மூணு வாரம் வாயை மூடிண்டு இருந்தியாமே, அது தப்பு."

"தப்புதான் சார்."

"ம். காபி சாப்பிட்டுட்டுப் போ" என்றார்.

ஐந்து மாதம் கழித்து செந்தில் சாந்தோமுக்கு வீடு தேடி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபடியே, "அன்னைக்கு டி.வி. ரிப்பேருன்னு சொன்னேன்" என்றார்.

"நான் டி.வி. ரிப்பேர் பாத்தவதான். உள்ள வாங்க."

ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டேன். இந்த முறை பின்னாலிருந்து வந்தோம். பெரிய பெட்டியை விற்றுவிட்டுச் சின்னதை வாங்க ஒத்துக்கொண்டார். வீலை விற்றார். அந்தப் பணத்தில் பம்ப், இன்ஜெக்டர், பிரேக். அண்ணன் மகன் கூட உட்காருவான் என்று மூன்றாவது கேள்விக்கு எழுதினார். அம்பத்தூரில் தெரிந்தவர் ஒருவரின் டைனோவை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தேன். பழைய உச்ச எண்ணை விடக் கீழேதான் வந்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றலாமே என்று அவர் கண்ணால் கேட்டார். நான் லேப்டாப்பை மூடிவிட்டேன். அவருடைய நண்பர்கள் சிரித்தார்களாம். சிரிக்கட்டும்.

அடுத்த ஞாயிறு டிராக்குக்கு என்னையும் அழைத்துப்போனார். இருபது வருடம் அந்த வண்டிகளின் சத்தத்தை மட்டுமே கேட்டவள், அங்கே போனது அதுதான் முதல் தடவை. ஹெல்மெட் மாட்டி முன் சீட்டில் உட்காரவைத்தார். பெல்ட்டை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினார்கள். முதல் சுற்று மெதுவாக. பிறகு ஒன்பது சுற்று, கால் அழுத்தின அழுத்தில். வளைவுகளில் என் உடம்பு கதவோடு ஒட்டியது. பெட்ரோல் அழுத்தத்துக்கு நான் மாட்டிய மீட்டர் என் முழங்காலுக்கு நேரே இருந்தது. போன தடவை நின்றுபோன எட்டாவது சுற்றைத் தாண்டி, பத்தாவது முடிந்து, வண்டி ஓரமாக வந்து நிற்கும் வரை அதன் ஊசி இறங்கவில்லை.

செந்தில் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்வை, சிரிப்பு.

"பயந்துட்டீங்களா மேடம்?"

"நான் ரோட்டையே பாக்கல" என்றேன். "இன்னொரு அஞ்சு சுத்து போங்க."